மேய்ச்சல் நிலத்திலும் ஓக் காட்டிலும் காளானை அடையாளம் காண்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காட்டுக் காளான்களை அடையாளம் காண நான் கற்கத் தொடங்கியபோது, கைக்குக் கிடைத்த கையேடுகள் எல்லாம் குடையின் நிறத்திலிருந்துதான் ஆரம்பித்தன. வெள்ளை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். அந்த வரிசையில் தேடித் தேடி மாதக்கணக்கில் ஒன்றும் பிடிபடவில்லை. காளானிடம் இருக்கும் அடையாளங்களிலேயே நம்ப முடியாதது நிறம்தான். மழையில் கழுவிப் போகும், வெயிலில் வெளுக்கும், வயதாக ஆக மாறும். உண்மையான அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது, மீதியில் பெரும்பகுதி குடைக்கு அடியில். கீழிருந்து மேலாகப் பார்க்கப் பழகினால் வேலை எவ்வளவோ சுலபம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அடையாளம் காண்பதற்கான வழிகாட்டி. இதைப் படித்த கையோடு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முதல் பருவம் முழுக்கப் பார்ப்பது, குறிப்பது, பெயர் சொல்லிப் பழகுவது மட்டும் போதும். தொடுவதற்குப் பயப்பட வேண்டாம். கொடிய விஷக் காளானைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கலாம், உள்ளே போனால்தான் ஆபத்து. பார்த்து முடித்ததும் கை கழுவுங்கள்.

1. கிளம்பும் முன்: அனுமதி, பருவம், பை

மேய்ச்சல் நிலம் யாருக்கோ சொந்தமானது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், கதவுகளை இருந்தபடியே மூடுங்கள். காடு என்றால் வனத்துறையின் விதிகளைப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறிக்கவே கூடாது. சில நாடுகளில் எழுத்துமூல அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை கிலோதான் என்ற வரம்பும் உண்டு. இத்தாலியில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 3 கிலோ என்கிறது. நீங்கள் இருக்கும் ஊரின் விதியை முன்கூட்டியே படித்து, சீட்டு தேவையென்றால் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓக் காடுகள் இருக்கும் மிதமான குளிர்நாடுகளில் முக்கியப் பருவம் இலையுதிர்காலம். வட அரைக்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தென் அரைக்கோளத்தில் மார்ச் முதல் ஜூன் வரை. நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். மழைக்கு மறுநாளே போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. கூடை, காகிதப் பைகள், சிறு கத்தி, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், குறிப்பேடு, பென்சில். பிளாஸ்டிக் பையை மட்டும் தவிருங்கள். அதற்குள் காளான் வியர்த்து, சில மணி நேரத்திலேயே நசநசத்துப் போகும். ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். ஒரே பையில் கலந்துவிட்டால் எந்தத் துண்டு எதிலிருந்து உடைந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

2. பறிக்கும் முன் சுற்றிலும் பாருங்கள்

காளான் எதன் மேல் வளர்ந்திருக்கிறது? மண்ணா, புல்லா, சாணமா, மரமா? பல காளான்கள் உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டு வைத்து வாழ்பவை. அதனால் பக்கத்தில் என்ன மரம் என்பது பாதி விடை. ஓக் மட்டும்தானா, பீச்சோ பிர்ச்சோ பைனோ கலந்திருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். மரம் தெரியாவிட்டால் விழுந்த இலை ஒன்றையும் பையில் போடுங்கள்.

புதியவர்கள் விழும் பெரிய குழி இங்கேதான் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே தனியாக ஒரு ஓக் நிற்கும். அதன் வேர்கள் கிளைகளின் நிழலையும் தாண்டிப் புல்லுக்கடியில் ஓடும். அந்த வேரோடு வாழும் காளான் புல்வெளியில்தான் தலைகாட்டும். பார்ப்பவருக்கு அது புல்வெளியில் முளைக்கும், உண்ணத்தகுந்த வயல் காளான் போலத் தெரியும். ஆனால் அங்கே முளைத்திருப்பது டெத் கேப், அதாவது அமனிட்டா ஃபல்லாய்டஸ் ஆக இருக்கலாம். காளானால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அதுதான். புல்வெளியில் நின்றாலும் தலையை நிமிர்த்தி மரம் எங்கே என்று பாருங்கள். ஓக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அந்த இடத்தைக் காடு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

3. அடியோடு தோண்டுங்கள்

கத்தியால் தண்டை அறுத்து எடுப்பது பார்க்க அழகாக இருக்கும். அடையாளம் காண வந்தவருக்கு அது கூடவே கூடாத வேலை. கத்தியைத் தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி மண்ணில் ஆழமாக இறக்கி, நெம்பி, மண்கட்டியோடு சேர்த்துத் தூக்குங்கள். அப்புறம் விரலால் மண்ணை மெதுவாகத் தட்டிவிடுங்கள்.

இப்போது தண்டின் அடியைப் பாருங்கள். அமனிட்டா இனத்தில் பல, ஒரு முட்டைக்குள்ளிருந்து கிழித்துக்கொண்டு வெளியே வருபவை. அந்த ஓட்டின் மிச்சம் தண்டின் அடியில் வெள்ளையான, தளர்ந்த பைபோல ஒட்டியிருக்கும். டெத் கேப்பில் இது தெளிவாகத் தெரியும், ஆனால் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலே அறுத்து எடுத்தவர் அதைக் குழியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். தண்டில் வளையம், அடியில் பை, வெள்ளைச் செவுள் (குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடு) இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது எதுவாக இருந்தாலும் தொடக்கக்காரருக்கு அத்தோடு முடிந்தது: குறித்துக்கொண்டு, சமையலறைக்கு வெளியே வையுங்கள். மூன்றில் ஒன்று இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வளையம் உதிர்ந்துவிடும், பை கிழிந்து மண்ணிலேயே தங்கிவிடும்.

வைக்கோல் காளான் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதற்கும் அடியில் பை உண்டு. அந்தப் பழக்கத்தில் டெத் கேப்பைப் பறித்துச் சாப்பிட்டு, குடிபெயர்ந்து போன நாடுகளில் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையம் கிடையாது, செவுள் முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். டெத் கேப்பின் செவுள் கடைசி வரை வெள்ளைதான். ஆனால் முட்டைப் பருவத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது மிகக் கடினம்.

4. குடையைத் திருப்பிப் பாருங்கள்

குடைக்கு அடியில் நான்கு வகையில் ஒன்று இருக்கும். மெல்லிய தகடுகளாகச் செவுள்கள். ஸ்பான்ஜ்போலத் துளைகள், இவை பொலீட்டஸ் கூட்டம். தொங்கும் முட்கள், ஹெட்ஜ்ஹாக் காளான்போல. அல்லது தண்டிலேயே இறங்கி ஓடும் மடிப்புகள், ஷான்டரெல்போல. இந்த ஒரு கேள்வியிலேயே கையேட்டின் முக்கால்வாசிப் பக்கங்களைத் தள்ளிவிடலாம்.

செவுள் என்றால் இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். தண்டைத் தொடாமல் நிற்கிறதா, ஒட்டியிருக்கிறதா, தண்டில் இறங்குகிறதா? நெருக்கமா, இடைவெளியா? இளங்காளானில் என்ன நிறம், முதிர்ந்ததில் என்ன நிறம்? இதற்காகத்தான் ஒரே இடத்தில் ஒன்று இளசு, ஒன்று முற்றியது என்று எடுக்கச் சொல்கிறேன். ஒற்றைக் காளானை வைத்து முடிவுக்கு வருவது பெரும்பாலும் ஊகம்தான்.

தண்டையும் ஒடித்துப் பாருங்கள். நார் நாராகக் கிழியாமல் சாக்பீஸ் மாதிரி பட்டென்று முறிந்தால் அது ருசுலா அல்லது லாக்டேரியஸ். செவுளைக் கீறினால் பால் கசிந்தால் லாக்டேரியஸ். ஓக் காடுகளில் இவை இரண்டும் எக்கச்சக்கமாகக் கிடைக்கும். பழகுவதற்கு நல்ல காளான்கள்.

5. கீறிப் பாருங்கள், மோந்து பாருங்கள்

பறித்த உடனேயே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்தால் நிறமாற்றம் முடிந்துவிடும், வாசனையும் போய்விடும்.

மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைக் காளானை எடுத்தால் முதலில் தண்டின் அடிப்பாகத்தை நகத்தால் கீறுங்கள், அப்புறம் நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடிக்கிழங்கு அப்போதே பளீரென்று மஞ்சளாக மாறினால் அது யெல்லோ ஸ்டெயினர், அகாரிகஸ் சாந்தோடெர்மஸ். அந்த மஞ்சள் சில நிமிடங்களில் மங்கிப் பழுப்பாகிவிடும், அதனால் கண்ணை எடுக்காமல் பாருங்கள். மூக்கருகே கொண்டுபோனால் மை வாடை, பினாயில் வாடை அடிக்கும். அதைச் சாப்பிட்டவர்களில் பலருக்கு வாந்தியும் பேதியும் வரும். வயல் காளானின் உறவான ஹார்ஸ் மஷ்ரூமும் தொட்டால் மஞ்சளாகும், ஆனால் மெதுவாக, குடையின் மேற்பரப்பில். அடிக்கிழங்கு அப்படிப் பளீரென்று மாறாது, வாசனையும் சோம்பு போல இருக்கும்.

வாயில் போட்டுக் கடித்துத் துப்பிப் பார்க்கும் முறையைச் சில அனுபவசாலிகள் ருசுலாவுக்குப் பயன்படுத்துவார்கள். அது ருசுலாதான் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கான முறை. நீங்கள் செய்யாதீர்கள்.

6. ஸ்போர் பிரிண்ட் (காளானின் வித்துத் தூள் பதிவு) எடுங்கள்

புதியவர்கள் பலரும் சோம்பலில் தாண்டிப் போகும் படி இதுதான். என்னைக் கேட்டால் இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை. தண்டை அறுத்துவிட்டு, குடையைச் செவுள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி ஒரு காகிதத்தின் மேல் வையுங்கள். காகிதத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருப்பது முக்கியம். வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். சில காளான்கள் நாலைந்து மணி நேரத்திலேயே தூள் உதிர்க்கும். இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்ப்பது நிச்சயம். டம்ளரைத் தூக்கிக் குடையை எடுத்தால், செவுள்களின் கோடுகள் அப்படியே தூளில் பதிந்திருக்கும்.

வயல் காளான், ஹார்ஸ் மஷ்ரூம், யெல்லோ ஸ்டெயினர் எல்லாவற்றுக்கும் அடர் சாக்லேட் பழுப்பு. அமனிட்டாவுக்கு வெள்ளை. என்டோலோமா இனத்துக்கு இளஞ்சிவப்பு. கார்ட்டினேரியஸ், கலெரினா இனங்களுக்குத் துருப்பிடித்த இரும்பின் பழுப்பு. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸுக்குப் பச்சை. வெப்பமான இடங்களின் புல்வெளியில் உண்ணத்தகுந்த பெரிய பராசோல் காளான்போல எழுந்து பலரை ஏமாற்றுவது இதுதான். வயல் காளான் என்று நினைத்து எடுத்தது வெள்ளைத் தூள் உதிர்த்தால் அங்கேயே விவாதம் முடிந்தது.

தூள் பதிந்த தாளில் தேதியும் இடமும் எழுதி மடித்து வையுங்கள். பின்னால் யாரிடமாவது காட்டும்போது உங்கள் கையிலிருக்கும் முக்கிய ஆவணம் அதுவே.

7. மேய்ச்சல் நிலத்தில் குழப்பும் ஜோடிகள்

வயல் காளானும் யெல்லோ ஸ்டெயினரும் பற்றிச் சொல்லிவிட்டேன். வயல் காளானின் செவுள் இளசிலேயே நல்ல இளஞ்சிவப்பு, பிறகு சாக்லேட் நிறம். மொட்டு நிலையில் செவுள் மூடியிருந்தால் எடுக்கவே வேண்டாம்.

அடுத்த ஜோடி இதைவிட மோசம். புல்லில் வளையமாக முளைக்கும் ஃபேரி ரிங் காளான், மராஸ்மியஸ் ஓரியேட்ஸ். அதே புல்லில், சில சமயம் அதே வளையத்திலேயே கலந்து முளைப்பது கிளைட்டோசைபி ரிவுலோசா. பின்னதில் மஸ்கரின் என்ற நஞ்சு இருக்கிறது. ஃபேரி ரிங் காளானின் செவுள்கள் இடைவெளி விட்டு நிற்கும், தண்டு வளைத்தாலும் உடையாத அளவுக்கு வலுவாக இருக்கும், குடையின் நடுவில் மேடு தட்டியிருக்கும். ரிவுலோசாவின் செவுள்கள் நெருக்கம், தண்டில் சற்றே இறங்கும், குடையின் மேல் வெண்பொடி பூசியதுபோல இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவை எல்லாம் அதுவே என்று வாரி எடுக்காதீர்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பராசோல் பெரியது. குடை 10 முதல் 30 செ.மீ. வரை விரியும், தண்டில் பாம்புத்தோல்போலப் பட்டைகள், வளையம் மேலும் கீழும் நகரும். அதே சாயலில் குட்டியாக இருக்கும் லெபியோட்டா இனக் காளான்களில் சில டெத் கேப்பின் அதே நஞ்சைக் கொண்டவை. 10 செ.மீ.க்குக் குறைந்த குடையைப் பராசோல் என்று எழுதவே எழுதாதீர்கள்.

உருண்டைக் காளான் எதுவானாலும் உச்சியிலிருந்து அடிவரை நடுவே அறுத்துப் பாருங்கள். உள்ளே முழுக்க ஒரே சீரான வெள்ளை என்றால் பஃப்பால். கருஊதாவாக, தடித்த தோலோடு இருந்தால் எர்த்பால், அது நஞ்சு. உள்ளே குட்டிக் குடையும் தண்டும் கோட்டோவியம்போலத் தெரிந்தால், நீங்கள் கையில் வைத்திருப்பது அமனிட்டாவின் முட்டை.

உரம் போடாத பழைய மேய்ச்சல் நிலத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மெழுகு பூசியதுபோல மின்னும் சின்னக் காளான்கள் தென்படும். அவை வேக்ஸ்கேப்கள். உரமிட்ட நிலங்களில் அவை காணாமல் போய்விடுவதால் அரிதாகிவருகின்றன. படம் எடுங்கள், பறிக்காதீர்கள்.

8. ஓக் காட்டில் குழப்பும் ஜோடிகள்

டெத் கேப்பை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், மற்றது அப்புறம். குடை 5 முதல் 15 செ.மீ., ஆலிவ் பச்சை கலந்த மஞ்சள். வெளுத்தும் இருக்கும், முழு வெள்ளையாகவும் வரும். வெள்ளைச் செவுள், தண்டில் பாவாடைபோலத் தொங்கும் வளையம், அடியில் பை. இதைக் காட்டில் பலமுறை பார்த்து, எந்த வயதிலும் எந்த வெளிச்சத்திலும் சொல்ல முடிந்த பிறகுதான் ஓக் காட்டின் மற்ற காளான்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஷான்டரெல்லின் அடியில் இருப்பவை தகடுகள் இல்லை. சதையோடு சதையாகக் கிளைத்து ஓடும் மடிப்புகள், நகத்தால் பிரித்தெடுக்க வராது. கிழித்தால் உள்ளே வெளிர்நிறம், ஆப்ரிகாட் பழ வாசனை. அதோடு குழப்பிக்கொள்ளும் நஞ்சுக் காளானான, ஜாக் ஓ லான்டர்ன் எனப்படும் ஆம்ஃபாலோட்டஸில் கத்திபோன்ற உண்மையான செவுள்கள் உண்டு, உள்சதையும் ஆரஞ்சு, கொத்தாக மரத்தில் வளரும். புதைந்த வேரில் வளர்ந்தால் மண்ணில் முளைத்தது போலவே தோன்றும். அதனால் மறுபடியும் சொல்கிறேன், தோண்டுங்கள்.

துளை உள்ள பொலீட்டஸ்களில் புதியவர்களுக்கு ஒரு எளிய வேலி இருக்கிறது. துளைகள் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தாலும், அறுத்ததும் நீலமாக மாறினாலும் ஒதுக்கிவிடுங்கள். சுண்ணாம்பு மண்ணில் ஓக்கடியில் வளரும், நஞ்சுள்ள சேட்டன்ஸ் பொலீட் இந்த வேலியில் சிக்கிவிடும். சில நல்ல காளான்களும் சிக்கும், போகட்டும். கசப்பு பொலீட்டைத் தண்டின் கறுத்த வலைப்பின்னலும் இளஞ்சிவப்பாக மாறும் துளைகளும் காட்டிக்கொடுக்கும்.

இலையுதிர் காடுகளில் கார்ட்டினேரியஸ் ஒரெல்லானஸ் என்ற ஆரஞ்சு பழுப்புக் காளானும் உண்டு. அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். அறிகுறி தெரியவே சில நாட்களிலிருந்து மூன்று வாரம்வரை ஆகலாம். பழுப்புக் காளான்கள் பக்கமே தொடக்கத்தில் போகாதீர்கள்.

ஆறுதலான இரண்டும் இருக்கின்றன. ஓக் மரத்திலேயே தட்டுத் தட்டாக வளரும் கந்தக மஞ்சள் லேட்டிபோரஸ். அறுத்தால் சிவப்புச் சாறு வடியும் ஃபிஸ்டுலினா. இவற்றை அடையாளம் காண்பது சுலபம், நம்பிக்கை வரும்.

9. நம்பக் கூடாதவை

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், அரிசியோடு வேகவைத்தால் நிறம் மாறும், பூச்சி தின்றால் நமக்கும் ஆகும், தோல் உரிந்தால் நல்லது. இவை அத்தனையும் பொய். டெத் கேப்பை நத்தைகள் தாராளமாகத் தின்னும், தோலும் உரியும், வெள்ளியும் கறுக்காது. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் உறையவைத்தாலும் அதன் நஞ்சு அழியாது. ருசியாகவே இருந்தது என்றுதான் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போன் செயலிகள் ஒரு பெயரைத் தரும், அதில் தேடத் தொடங்கலாம். ஆனால் செயலிக்கு மண்ணுக்குள் இருக்கும் பை தெரியாது, வாசனையும் தெரியாது.

10. குறிப்பெழுதி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்

ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், மரம், வாசனை, கீறிய நிறம், ஸ்போர் நிறம். படங்கள் நான்கு: மேலிருந்து, அடியிலிருந்து, தண்டின் அடிப்பாகம், நெடுக்காகப் பிளந்தது. காளானை 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதற்குமேல் அது உருக்குலைந்துவிடும். சுவிட்சர்லாந்தில் ஊராட்சிகளின் காளான் சோதனை நிலையங்கள் உண்டு. இத்தாலியில் அரசு சுகாதாரத் துறையின் காளான் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் காளான் ஆர்வலர் சங்கங்கள் வழிகாட்டி அழைத்துப் போகும் நடைகளில் சேருங்கள். நேரில் ஒருவர் தோண்டிக் காட்டுவதைப் பார்த்தால் வாரக்கணக்கில் படிக்க வேண்டியது ஒரு காலையில் புரிந்துவிடும்.

11. யாராவது சாப்பிட்டுவிட்டால்

நேரத்தைக் குறியுங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மஸ்கரின் என்றால் 15 நிமிடம் முதல் 2 மணி நேரத்துக்குள் வியர்வை, எச்சில், கண்ணீர் பெருகும். டெத் கேப் என்றால் முதல் 6 மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றுமே தெரியாது. பிறகு கடும் வாந்தி, பேதி. அதன் பிறகு இரண்டாம் மூன்றாம் நாளில் குணமானது போலத் தோன்றும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

அறிகுறிக்காகக் காத்திருக்காமல் விஷமுறிவுத் தகவல் மையத்தை அழையுங்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீந்த காளான், சமைத்த மிச்சம், நறுக்கி எறிந்த துண்டுகள், வாந்தி எதையும் கொட்டிவிடாமல் காகிதத்திலோ பாத்திரத்திலோ எடுத்துக்கொண்டு போங்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்களையும், அவர்கள் எவ்வளவு நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கூடவே அழைத்துப் போங்கள்.